தவக்காலத்தில் நன்றாகக் கேட்ட ஃபோன்

நீங்கள் எல்லாரும் கண்ணாடி இழைக் கேபிளோடு தொலைபேசி வேலைக்கு வந்தவர்கள். வீட்டுச் சுவரில் ஒரு பெட்டியை மாட்டுகிறீர்கள், ஃபோன், இணையம், டிவி மூன்றும் அதிலேயே வந்துவிடுகின்றன. இணையத்தின் வழியாகப் பேசுவது உங்களுக்கு அதிசயமே இல்லை. எனக்கு அது பெரிய அதிசயமாக இருந்தது. அந்த அதிசயத்தைப் பார்த்த வீட்டிலேயே ஒரு தவறையும் செய்தேன். ஒரே தவறை மூன்று தடவை. ஓய்வு பெற்றவனைப் பேசக் கூப்பிட்டால் சாதனைகளைச் சொல்வான் என்று நினைத்திருப்பீர்கள். நான் இதைச் சொல்கிறேன்.

இரண்டாயிரத்து ஒன்பதோ பத்தோ இருக்கும். இராஜாக்கமங்கலத்துக்குத் தெற்கே கடற்கரையை ஒட்டிய ஊர்களுக்கான சிறிய எக்ஸ்சேஞ்சில் நான் இளநிலைப் பொறியாளர். வீட்டுக்கு மூன்று செல்ஃபோன் வந்துவிட்ட காலம். எங்கள் கவுண்டருக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் ஃபோனைத் திருப்பிக் கொடுக்க வருகிறவர்கள். கருவியைச் சுற்றி ஒயரைக் கட்டி, ஜவுளிக்கடைப் பையில் போட்டுக் கொண்டுவருவார்கள்.

பிலோமினா டீச்சரும் அப்படித்தான் வந்தார். ஓய்வு பெற்ற பள்ளிக்கூட ஆசிரியை. பையை மேசைமேல் வைத்துவிட்டுச் சொன்னார்:

"சாரே, இத நீங்களே எடுத்துக்கிடுங்க. எங்க வீட்டுல நெட்டு ஃபோன் வந்தாச்சு. மோளு அயர்லாந்துல இருந்து பெட்டி குடுத்து விட்டிருக்கா."

"நெட்டு எதுல வருது டீச்சர்?"

"சுவத்துல இருந்து வருது."

"அந்தச் சுவத்துக்கு எங்க கம்பிதானே வருது? இந்த ஃபோனை சரண்டர் பண்ணினா கம்பியை நாங்க எடுத்திருவோம். நெட்டும் போயிரும்."

டீச்சர் பையையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "அப்போ இவன் இல்லாம அவன் இல்லியாக்கும்!" என்று சொல்லிப் பையைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

எனக்கு அந்தப் பெட்டியைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. புத்தகத்தில் படித்திருந்தேன், பயிற்சி வகுப்பில் படம் போட்டுக் காட்டியிருந்தார்கள், கண்ணால் பார்த்ததில்லை. வீட்டுக்கு ஒரு நாள் வரலாமா என்று கேட்டேன். "வாங்க சாரே, நல்ல மீன் வாங்குத நாளாப் பாத்து வாங்க" என்றார். நான் சைவம் என்பது அவருக்குத் தெரியாது.

தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதன் கழிந்த சனிக்கிழமை போனேன். மாடி வைத்த வீடு. சாலையைப் பார்த்த முன்னறையைச் செல்வின் என்பவருக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள். அவர் அதில் ஃபோட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தார். உள்ளே ஹாலில் மாதா படத்துக்குக் கீழே எங்கள் மோடம். அதன் பக்கத்தில் உள்ளங்கை அகலத்தில் கருப்பாக ஒரு பெட்டி. பெட்டியில் சாதாரண ஃபோன் ஒன்றைச் செருகியிருந்தார்கள். அந்த ஃபோனுக்கு அயர்லாந்து எண். மகள் அங்கிருந்து அடுத்த தெருவுக்குப் பேசுவதுபோல் எண்ணை அழுத்தினால் மணி இங்கே, கடலோரத்தில் அடிக்கும். இதெல்லாம் சட்டப்படி சரிதானா என்று எங்கள் அலுவலகத்திலேயே ஆளுக்கொரு விளக்கம் சொன்னார்கள். எனக்கு அந்தக் கவலை வரவில்லை. ஒரு நொடிப் பேச்சை ஐம்பது துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் முகவரி எழுதி அனுப்பி, அந்தப் பக்கம் வரிசையாக ஒட்டி மறுபடி அம்மாவின் குரலாக ஆக்குகிறதே, அதை யோசித்து யோசித்துப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

டீச்சரின் கணவர் மரியதாசன் சன்னல் பக்கம் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். ஒருகாலத்தில் சொந்த வள்ளம் வைத்து மீன்பிடித் தொழில் செய்தவர், பிறகு கருவாட்டு வியாபாரம். நான் பெட்டியைப் பற்றிக் கேட்கக் கேட்கத் தலையை நிமிர்த்திக் கவனித்தார். பேச்சு பெட்டியை விட்டு மகளைப் பற்றித் திரும்பியதும் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

"அவ்வோ அப்படித்தான்" என்று டீச்சர் குரலைத் தாழ்த்திச் சொன்னார். மகள் ஜெனி அங்கே நர்ஸ். கூட வேலை செய்த பையனைத் தானாகக் கட்டிக்கொண்டாள். பையன் நம் நாஞ்சில் நாட்டு வயல் ஊர்க்காரன்தான், ஆனால் வேறு சமயம். கல்யாணம் மாதா கோயிலில் நடக்கவில்லை. நான்கு வருடமாக அப்பா மகளிடம் பேசவில்லை. தினமும் மகள் கூப்பிடுகிற நாலு மணிக்கு ஃபோன் மணி அடித்தால் எழுந்து வெளியே போய்விடுவார்.

அன்று மோடத்துக்குப் பின்னால் நீல நிற ஒயர் ஒன்று சன்னல் வழியாக வெளியே போவதைப் பார்த்தேன். பார்த்தேன், அவ்வளவுதான். எங்கே போகிறது என்று கேட்கவில்லை.

ஈஸ்டர் கழிந்து இரண்டு வாரத்தில் டீச்சரின் புகார் வந்தது: ஃபோன் சரியில்லை. போனேன். கம்பியைச் சோதித்தேன், மோடத்தைச் சோதித்தேன், வேகம் பார்த்தேன். பழைய ஃபோனை மாட்டி எக்ஸ்சேஞ்சோடு பேசினேன். எல்லாம் சுத்தம். "காலையில நல்லாத்தான் இருக்கும் சாரே. நாலு மணிக்குத்தான் கோளாறு. அதுவும் எல்லா நாளும் இல்ல" என்றார் டீச்சர். நான் 'சோதித்தது, லைன் நன்று' என்று எழுதிக் கையெழுத்து வாங்கினேன். அடுத்த வாரம் மறுபடி புகார். மறுபடி போனேன், மறுபடி அதையே எழுதினேன்.

மூன்றாவது தடவை போகவே இல்லை. தீராத புகார்களின் பட்டியல் தினமும் மாலை நாகர்கோவிலுக்குப் போக வேண்டும். பட்டியல் நீளமாக இருந்தால் கேள்வி வரும். அன்று மதியமே ஒரு கேள்வி வந்திருந்தது. நான் டீச்சருக்கு ஃபோன் போட்டேன்.

"டீச்சர், எங்க லைன் வரைக்கும் நல்லா இருக்கு. அந்தப் பெட்டி எங்களோடது இல்ல. அத வித்தவங்கிட்டதான் கேக்கணும்."

சொன்னதும் மனசு லேசானது. அதை மறைக்க விரும்பவில்லை. நம் வேலையில் 'அது நம்முடையது இல்லை' என்று சொல்ல முடிகிற நேரத்தில் ஒரு சுகம் இருக்கிறது.

டீச்சர் சண்டை போடவில்லை. "சரி சாரே. ஒண்ணு மட்டும் கேக்கட்டா?" என்றார். "தவக்காலம் முழுக்க நல்லா கேட்டுது. பெட்டி வந்ததே சாம்பல் புதன் அன்னைக்குத்தான். நாப்பது நாளும் ஒரு குறையும் இல்ல. ஈஸ்டர் கழிஞ்சுதான் இந்தக் கோலம். அது என்னவா இருக்கும்?"

நான் சிரித்துவிட்டு வைத்துவிட்டேன். அந்தப் புகாரிலும் 'லைன் நன்று' என்றே எழுதி முடித்தேன்.

ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. இரவு சாப்பிடும்போது அது, பஸ்ஸில் வரும்போது அது. ஒரு கம்பிக்குத் தவக்காலம் எப்படித் தெரியும்? வெயில் ஏறியதாலா? உப்புக்காற்று இணைப்புகளைத் தின்கிறதா? கம்பத்தில் ஏறி இணைப்பைப் பிரித்துப் பார்த்தேன், பளபளவென்று இருந்தது. கடைசியில் டீ குடிக்கும்போது எங்கள் புகார்ப் பிரிவில் இருந்த பெண்ணிடம் கேட்டேன். அவளும் கடற்கரைக்காரிதான்.

"ஏம்மா, உங்க ஆளுக தவக்காலத்துல என்னென்ன செய்ய மாட்டீங்க?"

"இறைச்சி தின்ன மாட்டோம். சினிமாவுக்குப் போக மாட்டோம். ரேடியோ செட் வச்சுப் பாட்டுப் போட மாட்டோம்." விரலை மடக்கி எண்ணிக்கொண்டே வந்தவள், "பின்ன, கல்யாணம் கிடையாது சார். நாப்பது நாளும் ஒரு கல்யாணம் நடக்காது. ஈஸ்டர் கழிஞ்ச மறுநாளே தொடங்கிரும், வரிசையா" என்றாள்.

முதலில் கல்யாண வீட்டு ஒலிபெருக்கிதான் காரணம் என்று நினைத்தேன். டீச்சரிடம் கேட்டேன். ஃபோன் கெட்ட நாட்களை அவர் கோயில் காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருந்தார். ஆசிரியை இல்லையா! ஒலிபெருக்கி கட்டிய நாளும் வட்டமிட்ட நாளும் ஒத்துவரவில்லை. கல்யாண நாளும் ஒத்துவரவில்லை. ஆனால் கல்யாணத்துக்கு மறுநாள் ஒத்து வந்தது. ஒவ்வொரு வட்டமும் ஒரு கல்யாணத்துக்கு மறுநாள்.

அப்போதுதான் நீல ஒயர் நினைவுக்கு வந்தது.

அடுத்த வட்டம் விழ வேண்டிய நாளில், மூன்றரை மணிக்கு ஸ்டூடியோவுக்குள் நுழைந்தேன். செல்வின் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். திரையில் ஒரு பச்சைக்கோடு நத்தைபோல் நகர்ந்துகொண்டிருந்தது.

"என்ன போகுது செல்வின்?"

"கல்யாணப் படம் சார். மதுரைக்கு அனுப்புகேன். ஆல்பம் அங்கதான் செய்வாங்க. முன்னால சிடியில போட்டு பஸ்ஸுல குடுத்து விடுவேன். இப்போ டீச்சரு நெட்டுல ஒரு ஒயர் இழுத்துக்கிடச் சொன்னாவ. மத்தியானம் போட்டா சாயங்காலத்துக்குள்ள போயிரும்."

உங்களுக்குப் புரிந்திருக்கும். அப்போதைய செம்புக்கம்பி இணையத்தில் வீட்டுக்குள் வருகிற வழி அகலம், வீட்டிலிருந்து போகிற வழி ஒடுக்கம். வடசேரிச் சந்தைக்குப் பின்னால் இருக்கிற சந்தில் ஒரு லாரி நின்று சரக்கு இறக்கினால் சைக்கிள்கூட நுழைய முடியாது, அதுபோல. செல்வினின் படங்கள் அந்த ஒடுக்கமான வழியை அடைத்துக்கொண்டு நிற்கின்றன. பேச்சின் துண்டுகள் பின்னால் தேங்கி, நேரம் தப்பி, வீணாகின்றன. நான் சோதித்ததெல்லாம் காலையில், படம் போகாத நேரத்தில். நான் பார்த்த வேகமும் வருகிற வழியின் வேகம்.

ஆனால் இதெல்லாம் ஊகம்தான். நாலு மணிக்கு உள்ளே மணி அடித்தது. ஓடினேன். டீச்சர் எடுத்து, "ஏட்டி, கேக்குதா? நான் பேசுதது கேக்குதா?" என்று கத்திக்கொண்டிருந்தார். முதல் புகாரிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வியை அப்போதுதான் கேட்டேன்.

"டீச்சர், உங்களுக்கு அவங்க பேசுறது கேக்குதா?"

"எனக்கு நல்லா கேக்குதே! மணி மாதிரி கேக்குது. அவளுக்குத்தான் நான் பேசுதது ஒண்ணும் கேக்கல்ல."

மூன்று புகார். ஒரு தடவைகூட, யாருக்கு யார் பேசுவது கேட்கவில்லை என்று நான் கேட்கவில்லை.

ஸ்டூடியோவுக்குத் திரும்பி ஓடினேன். "செல்வின், ஒரு அஞ்சு நிமிஷம் நிறுத்துங்க."

அவர் முகம் மாறியது. "சார், முக்கால்வாசி போயாச்சு. நிறுத்தினா முதல்ல இருந்து போகணும். பொண்ணும் மாப்பிளையும் வியாழக்கிழமை மஸ்கட்டுக்குப் போறாங்க. ஆல்பம் கையில வேணும்னு நிக்காங்க."

மோடம் ஹாலில்தான் இருந்தது. அவரைக் கேட்காமல் ஒயரை நானே உருவியிருக்கலாம். அது டீச்சரின் இணைப்பு. ஆனால் என் ஊகம் தப்பானால் அவருடைய அரைநாள் வேலை வீண்.

"சாருக்கு உறுதியா தெரியுமா, இதுனாலதான்னு?"

"தெரியாது. அப்படித்தான் இருக்கும்னு தோணுது. அவ்வளவுதான்."

உறுதி என்று பொய் சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பாரோ தெரியாது. அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். உள்ளேயிருந்து டீச்சர் "ஏட்டி... ஏட்டி ஜெனி..." என்று கூப்பிடுவது கேட்டுக்கொண்டிருந்தது.

"எனக்கு எழுத்துப் படிப்பிச்சது அவ்வோதான் சார்" என்று சொல்லி எழுந்து, என்னோடு ஹாலுக்கு வந்து, ஒயரைத் தன் கையாலேயே மோடத்திலிருந்து உருவினார்.

ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணியிருப்பேன். டீச்சர் கூச்சலிட்டார். "கேக்குதா? இப்போ கேக்குதா? ஐயோ மாதாவே, கேக்குதாம் சாரே!"

செல்வின் ஆல்பத்தை மறந்து சிரித்தார். நான் அவருக்கு விரலால் சுவரில் கோடு போட்டு, வருகிற வழி, போகிற வழி என்று விளக்கிக்கொண்டிருந்தேன். கண்டுபிடித்தவனின் பெருமை எனக்கு. அப்போதுதான் பின்னால் ஆள் நிற்பது தெரிந்தது. மரியதாசன் கொல்லைவாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் வந்தார். டீச்சர் எங்களுக்கு முதுகு காட்டிப் பேசிக்கொண்டிருந்தார்.

"சாரே, அப்போ இங்க உள்ளவன் பேசினா அங்க போகாது?" தாழ்ந்த குரலில் கேட்டார்.

"படம் போகும்போது போகாது அண்ணாச்சி."

"ஆனா அவ பேசுதது இங்க கேக்கும்."

"தெளிவா கேக்கும்."

"அவளுக்கு இங்க ஆளே இல்லாத மாதிரி இருக்கும்?"

"ஆமா. ஹலோ ஹலோன்னு சொல்லிப் பாத்துட்டு வச்சிருவாங்க."

பொறியியலில் ஆர்வம் உள்ள மனிதர் என்று நினைத்து நான் உற்சாகமாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் செல்வினிடம் திரும்பினார்.

"லே மக்கா, ஈஸ்டர் கழிஞ்ச செவ்வாக்கிழமை நீ படம் அனுப்பினியா?"

"அனுப்பினேன் மாமா. திங்கக்கிழமை ரெண்டு கல்யாணம். செவ்வாக்கிழமை மத்தியானத்துல இருந்து அதுதான் வேலை."

மரியதாசன் மோடத்தைப் பார்த்தபடி நின்றார். பிறகு எங்கள் இருவருக்கும் மட்டும் கேட்கும்படி சொன்னார்.

"அன்னைக்கு டீச்சரு கோயில் அன்பியக் கூட்டத்துக்குப் போயிருந்தா. மணி அடிச்சுது. நான்தான் எடுத்தேன். மோளே, அப்பாவாக்கும்னு சொன்னேன். அவ ஹலோ ஹலோன்னா. பின்னயும் சொன்னேன். வச்சிட்டா." செல்வின் உருவிய ஒயரைப் பார்த்தார். "என் சத்தம் கேட்டுத்தான் வச்சான்னு நெனச்சேன் சாரே."

அது நடந்து ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகியிருந்தது. அந்த இரண்டு மாதத்தில் மூன்று தடவை நான் 'லைன் நன்று' என்று எழுதியிருந்தேன்.

உங்களுக்குச் சொல்ல வேண்டியதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கருவி சொல்வதை நம்புங்கள், ஆனால் அது எந்த நேரத்தில், எந்தத் திசையில் சொல்கிறது என்று கேளுங்கள். வாடிக்கையாளர் சொல்கிற காரணம் தப்பாக இருக்கலாம், அவர் பார்த்தது தப்பாக இருக்காது. தவக்காலம் என்று டீச்சர் சொன்னபோது நான் சிரித்தேன், அவர் சொன்னதில் தேதி இருந்தது. அப்புறம் இன்னொன்று. நீங்கள் புகாரை முடித்துவைக்கும்போது அந்த வீட்டில் என்ன முடியாமல் கிடக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. அது தெரிய வேண்டியதும் இல்லை. தெரியாது என்பது மட்டும் நினைவிருந்தால் போதும்.

மரியதாசன் என்னைக் கேட்டார். "இப்போ போகுமா சாரே?"

"போகும் அண்ணாச்சி."

அவர் மனைவியின் பின்னால் போய் நின்று கையை நீட்டினார். டீச்சர் திரும்பிப் பார்த்தார். பேசிக்கொண்டிருந்த வார்த்தை பாதியில் நின்றது. ரிசீவரைக் கொடுத்தார். அவர் அதை இரண்டு கையாலும் பிடித்துக் காதில் வைத்தார்.

"மோளே. அப்பாவாக்கும்."

காத்திருந்தார். நாங்களும் காத்திருந்தோம். அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாக இறுகியது. என்னைப் பார்த்தார்.

"சத்தமில்ல சாரே."

மோடத்தைப் பார்த்தேன், விளக்குகள் ஒழுங்காக எரிந்தன. பெட்டியிலும் குறையில்லை. கை நீட்டி ரிசீவரை வாங்கிக் காதில் வைத்தேன். முதலில் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு, வாயைக் கையால் பொத்திக்கொண்டு ஒரு பெண் அழுவது. அயர்லாந்திலிருந்து ஒவ்வொரு விம்மலும் முழுசாக வந்து சேர்ந்தது.

"லைன்ல இருக்காங்க அண்ணாச்சி. அழுறாங்க. வச்சிராதீங்க" என்று திருப்பிக் கொடுத்தேன்.

அவர் வாங்கிக் காதோடு அழுத்தி வைத்துக்கொண்டார். "அழு மோளே, அழு" என்றார். "அப்பா வைக்கல்ல. இங்கதான் நிக்கேன்."

டீச்சர் ஒரு நாற்காலியை இழுத்து அவர் பின்னால் போட்டார். அவர் கவனிக்கவில்லை. நானும் செல்வினும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் வெளியே வந்தோம். முக்கால் மணி நேரம் கழித்து நான் பஸ்ஸுக்குப் புறப்படும்போது சன்னல் வழியாகப் பார்த்தேன். நாற்காலி காலியாகத்தான் இருந்தது. மரியதாசன் நின்றபடியே, கண்ணை மூடிக்கொண்டு, மகள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.